அம்மம்மாவின் கதையை யார் வரையலாம்? – மாஸ்ரர் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். போன இதழில் அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் தங்கள் மூதாதையர் கதைகளைக் காட்டூன் படமாக்குவதைப் பற்றி நான் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதன் பலன் இது. மற்றக் கேள்விகளைக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மாஸ்ரர், நான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என்னுடைய அம்மம்மா வேடர் வழி வந்தவ. அவவுக்குத் தெரிந்த கதைகள் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. தரம் 6 பிள்ளைகளை வைத்து நாங்களும் அப்படி ஒரு படம் செய்யலாமா? எங்கே தொடங்குவது?
— ஓர் ஆசிரியை

பதில்: தங்கச்சி, தாராளமாகச் செய்யலாம். கொம்பியூட்டர் கடைசியில் வந்தால் போதும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, பொரலூலா என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் வடக்கே, கார்ப்பென்ரேறியா வளைகுடாவுக்குக் கிட்ட உள்ள சிறிய ஊர் அது. அங்கே யன்யுவா என்றொரு சனம். கடலிலிருந்து உயிர் பெற்றவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். உங்கள் பக்கத்துச் சனத்துக்கு இது அந்நியமாகப் படாது. அவர்களின் மொழியில் ஆண்களுக்கு ஒரு பேச்சு, பெண்களுக்கு வேறொரு பேச்சு. ஒரே சொல்லுக்கு முன்னொட்டு மாறிவிடும். பெடியன் சின்ன வயதில் தாயின் பேச்சைத்தான் பேசுவான். சடங்கு முடிந்து ஆம்பிளை ஆனதும் மற்றப் பேச்சுக்கு மாற வேண்டும். 1980 இல் ஜோன் பிராட்லி என்ற இளம் வாத்தியார் அந்த ஊருக்குப் படிப்பிக்கப் போனார். படிப்பிக்கப் போனவர் அங்கேயிருந்த கிழவன் கிழவியரிடம் தானே படித்தார். பிறகு மானிடவியலாளராகி, மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இன்றைக்கு அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர்.

2011 இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை தொடங்கியது. முதியவர்கள் கதையைச் சொல்ல, பாட்டைப் பாட, அதைப் பதிந்து, கொம்பியூட்டரில் முப்பரிமாணப் படமாக்குவது. அவர்கள் செய்த படங்களில் ஒன்று புலிச்சுறாவின் பயணம். மூதாதைச் சுறா கிழக்கேயிருந்து சைக்காட் என்ற மரத்தைக் காவிக்கொண்டு, கரையோரமாக வந்து மனங்குரா என்ற இடத்தில் சேருகிறது. எங்கள் பிள்ளைகள் பார்த்தால், சண்டை எங்கே, வில்லன் எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பாட்டில் முக்கியம் இடங்களின் பெயர்தான். இந்த முனை, இந்த ஆற்றுவாய், இந்தப் பார் என்று வரிசை மாறாமல் வரும். ஒரு பெயரை விட்டால் வழி தவறிப் போகும்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிற பழைய சாமிமாரைக் கேட்டுப் பாருங்கள். கோணேசர் கோயிலில் கும்பிட்டு, மூதூர் கடந்து, வெருகல் முருகனிடம் தங்கி, மண்டூர், உகந்தை, பிறகு காடு. எந்த இடத்தில் நல்ல தண்ணி, எந்த மரத்துக்குக் கீழே படுக்கக்கூடாது என்று வரிசையாகச் சொல்வார்கள். அதைப் பாட்டாகக் கட்டி, அந்தப் பாட்டே சட்டமும் காணி உறுதியும் சாத்திரமும் என்று வைத்துக்கொண்டால், யன்யுவா மக்களின் பாட்டு என்னவென்று அரைவாசியாவது விளங்கும்.

அதனால்தான் அந்தப் படங்களில் நிலம் சரியாக இருக்க வேண்டும். படம் செய்கிற பெடியள் செய்து கொண்டுபோய்க் காட்டுவார்கள், முதியவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள், இவர்கள் திரும்பிப் போய் மாற்றுவார்கள். கதையும் உரிமையும் சமூகத்துடையவை. படம் செய்கிறவர் கைவேலைக்காரர்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2007 இல் அவுஸ்திரேலிய அரச ஒலிபரப்பான ஏபிசி, ஆர்னம் லான்ட் பகுதியில் வூகுலார் என்ற ஊரின் கதைகளை எடுத்து, 'டஸ்ற் எக்கோஸ்' என்ற பெயரில் 12 சின்னப் படங்களாகச் செய்தது. அதில் நிலம் அச்சொட்டாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக வரைந்தது. மகளைப் பார்க்க மெல்பேர்ண் போனபோது அவளுடைய குசினி மேசையில் இருந்து அவற்றைப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டிவிட்டது, மகள் வந்து "அப்பா, காட்டூன் பாக்கிற வயசா?" என்று லைற்றை அணைத்துவிட்டுப் போனாள். உங்கள் தரம் 6 பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வழிதான் தோதானது.

இனி உங்கள் அம்மம்மாவுக்கு வருவோம். முதலில் அவவிடம் கேளுங்கள். அவ ஓம் என்றால் அதோடு நின்றுவிடாமல், அவவின் அண்ணன் தம்பிமார் குடும்பங்களிடமும் கேளுங்கள். கதை ஒருவர் சொத்தாக இருப்பது அபூர்வம். சடங்கு நடத்துகிற கப்புறாளை யாரும் இருந்தால் அவரையும் விட வேண்டாம். பகலில் சொல்லக்கூடியது எது, சடங்கில் மட்டும் வரவேண்டியது எது என்று அவர்களே பிரித்துத் தருவார்கள். பிறகு அவவின் குரலில் பதியுங்கள். அவவின் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாகத் திருத்த வேண்டாம், நான் கும்பிட்டுக் கேட்கிறேன். ரீச்சர்மாருக்குச் சிவப்புப் பேனாவைக் கண்டால் கை துடிக்கும், எனக்கும் அந்த வருத்தம் இருந்தது.

கடைசியாக ஒன்று. படம் முழுக்க முடிந்த பிறகும் அவ "வேண்டாம் மோனே" என்று சொன்னால், அழிக்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான் இதை நல்ல பிள்ளையாக இருந்து படித்தவன் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மூதூருக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியாராக இருந்தேன். கண்காட்சி வந்தது. பக்கத்து ஊர்ச் சடங்கு ஒன்றை ஒரு இரவு ஒளித்து நின்று பார்த்திருந்தேன். அதை அப்படியே வகுப்புச் சுவரில் பத்தடி நீளத்துக்கு வரைந்தேன். பந்தம், கையில் வில்லோடு ஆடுகிறவர், மடைக்கு வைத்த பொருட்கள் எல்லாம். அதிபருக்குப் புளகாங்கிதம். மூன்றாம் நாள் ஒரு வயதான ஐயா வந்தார். தோளில் துவாய், வாய் நிறைய வெத்திலை. சுவரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "தம்பி, நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா இதைப் பகலில காட்டுறேல்ல" என்றார். கோபமே இல்லை. நான் தேத்தண்ணி தரட்டா என்று கேட்டேன், வேண்டாம் என்று போய்விட்டார். அன்றிரவே அரை வாளி சுண்ணாம்பு கரைத்து அடித்தேன். பந்தத்துக்கு எண்ணெய்ப் பெயின்ற் பாவித்திருந்தபடியால் அந்தச் சிவப்பு மட்டும் சுண்ணாம்புக்குள்ளால் கசிந்து வந்துகொண்டே இருந்தது. நான் மாற்றலாகிப் போகும் வரை அந்த வகுப்பில் எனக்கு முதுகு சுட்டது.

கனகாலத்துக்குப் பிறகுதான் பப்புன்யா என்ற ஊரின் கதையை வாசித்தேன். மத்திய அவுஸ்திரேலியாவில் 1971 இல் ஜெப்ரி பார்டன் என்ற சித்திர வாத்தியார், அவரும் என்னைப் போலப் பள்ளிக்கூட வாத்தியார்தான், ஊர்ப் பெரியவர்களை வண்ணம் எடுத்து வரையச் சொல்லி ஊக்கினார். பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைப் பெரியவர்களே வரைந்தார்கள். பிறகு பலகைகளில் வரையத் தொடங்கி, அந்தப் படங்கள் வெளியே போனபோது, மற்றச் சமூகத்தவர்களிடமிருந்து கண்டனம் வந்தது. காட்டக்கூடாததைக் காட்டிவிட்டீர்கள் என்று. அதற்குப் பிறகு ஓவியர்கள் சில உருவங்களை விட்டார்கள், சிலதைப் புள்ளிகளுக்குள் மறைத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க விலைபோகிற அந்தப் புள்ளி ஓவியங்களில் பல புள்ளிகள் திரை மாதிரி. பார்க்கிறவர் அழகு என்கிறார். உள்ளே என்ன இருக்கிறதென்று வரைந்தவருக்குத் தெரியும்.

கேள்வி: இந்த ஏஐ காலத்தில் இவ்வளவு மினக்கெட வேண்டுமா மாஸ்ரர்? கதையை எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் படம் வருகிறதே. ஊர்க்கதைக்குக் காப்புரிமையும் இல்லை.
— உயர்தர மாணவன், உப்புவெளி

பதில்: தம்பி, உம்முடைய கேள்வியை வைத்துப் பேரனோடு சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தேன். "வெருகல் ஆற்றங்கரையில் வேடர் குலத்து அம்மம்மா கதை சொல்கிறா" என்று கொடுத்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வந்த கிழவியின் தலையில் கழுகு இறகு. பின்னால் பனி மூடிய மலை. வெருகலில் பனி! பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். இறகை எடுக்கச் சொன்னோம், எடுத்துவிட்டு நெற்றியில் பெரிய சுட்டி வைத்தது. உலகத்தில் படம் குறைவாக உள்ள சனத்துக்கு, படம் கூட உள்ள சனத்தின் உடுப்பைப் போட்டுவிடுகிறது.

காப்புரிமை பற்றி அவ்வளவு துணிவாகச் சொல்ல வேண்டாம். 1966 இல் அவுஸ்திரேலியா புது டொலர் நோட்டு அடித்தது. ஒரு டொலர் நோட்டின் பின்பக்கத்தில் மரப்பட்டை ஓவியம் ஒன்றைப் போட்டார்கள். மூதாதை வேட்டைக்காரன் ஒருவனின் இறுதிச் சடங்கு அது. வரைந்தவர் ஆர்னம் லான்டின் டேவிட் மலங்கி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரச்சினை வெளியே வந்த பிறகு ரிசேர்வ் வங்கி ஆளுநர் ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமான் பெட்டி ஒன்றும் கொடுத்தார். மூதாதையின் சாவுச் சடங்குக்குத் தூண்டில் பெட்டி! திருக்கடலூர்ச் சம்மாட்டிமாரிடம் இதைச் சொன்னேன், ஒருவர் "நல்ல தங்கூசியாவது குடுத்தவங்களா?" என்று கேட்டார்.

பிறகு 1994 இல் ஒரு வழக்கு. பூர்வகுடி ஓவியர்களின் படங்களைக் களவாக எடுத்து, வியட்நாமில் கம்பளமாக நெய்து, அவுஸ்திரேலியாவுக்குள் கொண்டுவந்து விற்றது ஒரு கம்பனி. கம்பளம் மிதிக்கிற சாமான். புனிதமான கதையைக் காலுக்குக் கீழே போட்டாயிற்று. ஓவியர்கள் வழக்கில் வென்றார்கள். நீதிமன்றம் நட்டஈட்டை மொத்தமாகக் கொடுத்து, தங்கள் வழக்கப்படி பிரித்துக்கொள்ள விட்டது. சிலர் அதற்கிடையில் இறந்துபோயிருந்தார்கள். அங்கே செத்தவரின் பெயரைச் சொல்வதே பல சமூகங்களில் ஆகாது. தொலைக்காட்சியில்கூட, இறந்தவர்களின் உருவமும் குரலும் வரலாம் என்று முன்னறிவித்தல் போட்டுத்தான் தொடங்குவார்கள்.

நிறம் தீட்ட, இரைச்சல் நீக்க, அந்த ஏஐயைப் பாவியும், நான் குறுக்கே நிற்கவில்லை. முகத்தை மட்டும் பிள்ளைகள் வரையட்டும்.

கேள்வி: வாய்வழிக் கதை எல்லாம் கட்டுக்கதைதானே? இராவணன் வாளால் மலையை வெட்டினான் என்பதையும் பிள்ளைகளுக்குப் படம் காட்டப் போகிறீர்களா?
— ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், திருகோணமலை

பதில்: ஐயா, நீங்கள் எழுதிய எழுத்திலேயே உங்கள் கோபம் தெரிகிறது, பேனா தாளைக் குத்தியிருக்கிறது. இராவணன் வெட்டை நான் புவியியலாகப் படிப்பிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. பற்றிக் நன், நிக்கலஸ் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அவுஸ்திரேலியக் கரை நெடுக 21 இடங்களில் கடல் ஏறி நிலத்தை விழுங்கிய கதைகளைச் சேர்த்தார்கள். இந்த இடம் முன்பு தரை, இந்தத் தீவுக்கு முன்பு நடந்து போகலாம் என்று கதை சொல்கிறது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்த கணக்கோடு அவற்றை ஒப்பிட்டார்கள். அந்த நினைவுகள் 7000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்பது அவர்கள் கண்ட முடிவு. எழுத்து இல்லாமல், பேரன் பேத்திக்குச் சொல்லிச் சொல்லி.

நம்முடைய ஊரையே எடுங்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளியதைச் சனம் சொல்லிக்கொண்டே வந்தது. 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் இறங்கிப் பார்த்தபோது தூண்களும் கல்லும் அங்கே கிடந்தன. எல்லாக் கதையும் இப்படி நிரூபணமாகும் என்று சொல்ல வரவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் இராவணன் தாய்க்குக் கடன் செய்யத் தோண்டினான் என்பதை வைத்து நிலத்தடி வெப்பத்தைக் கணக்கிட ஏலாது. ஆனால் ஏழும் ஏழு சூட்டில் இருக்கிறது என்று முதன்முதல் எனக்குச் சொன்னது விஞ்ஞான வாத்தியார் இல்லை, அப்பாச்சி. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி என் தலையில் ஊற்றிச் சொன்னவ.

கேள்வி: மாஸ்ரர் தாத்தா, கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்று அம்மா சொல்றா. அவுஸ்திரேலியாவில் ஏழு பேர் என்று அண்ணா சொல்றான். யார் சரி?
— தரம் 5 மாணவி, சாம்பல்தீவு

பதில்: குஞ்சு, இரண்டு பேரும் சரி. நட்சத்திரக் கூட்டம் ஒன்றுதான். சங்கப் பாட்டிலேயே அதற்கு அறுமீன் என்று பெயர். வெறும் கண்ணால் பார்த்தால் அனேகமானவர்களுக்கு ஆறுதான் தெரியும். எங்கள் ஆறு பேர் முருகனுக்குப் பால் கொடுத்து வளர்த்தவை. அங்கே அவர்கள் ஏழு சகோதரிகள். ஒரு கெட்ட ஆள், பெயர் நியிரு, அவர்களைத் துரத்திக்கொண்டு பாலைவனம் முழுக்க ஓடுகிறான். உருமாறுகிற மாயக்காரன். அவர்கள் ஓடின வழியில் குன்று, குகை, நீர்நிலை எல்லாம் உண்டாகிறது. கடைசியில் வானத்துக்குப் பறந்துவிடுகிறார்கள், அவனும் விடாமல் பின்னால் போகிறான். வானத்தில் ஓறியன் கூட்டம்தான் அவன். அம்மா உனக்குக் காட்டியிருப்பா, மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அங்கே.

2017 இல் கன்பெரா தேசிய அருங்காட்சியகத்தில் இந்தக் கதைக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு அரைவட்டக் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், மேலே குகை ஓவியமும் நட்சத்திரமும் படமாக ஓடும். பாலைவனத்துப் பெரியவர்களே வேண்டி நின்று செய்வித்தது. அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது: கதையின் துண்டுகள் ஊர் ஊராகச் சிதறிப் போகின்றன, பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று.

நீ மாசி மாதம் இரவு ஏழு மணிக்கு முற்றத்தில் நின்று பார். எத்தனை தெரிகிறது என்று எனக்கு எழுது. ஏழு என்று எழுதினால் உன் கண்ணுக்கு ஒரு பென்சில் பெட்டி பரிசு.

கேள்வி: சாமான் சட்டு என்ன வேண்டும்? எவ்வளவு முடியும்?
— முதற் கேள்வி கேட்ட அதே ஆசிரியை, கடிதத்தின் பின்பக்கத்தில்

பதில்: ஒரு கைத்தொலைபேசி போதும். அதை அசையாமல் பிடிக்க ஒரு கதிரை, இரண்டு செங்கல், ஒரு ரப்பர் பான்ட். ஒரு செக்கனுக்கு 12 படம் என்று கணக்கு வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். பயப்பட வேண்டாம். 30 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 24, ஒரு கிழமை வேலை. ஒவ்வொன்றையும் புதிதாக வரையவும் தேவையில்லை. மட்டையில் வெட்டி, கை, கால், தலையை நூலால் கோத்தால், கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து ஒரு படம்.

உங்களிடம் அதைவிட நல்ல சாமான் ஒன்று இருக்கிறது: மணல். கறுப்புத் துணியில் மணலைப் பரப்பி விரலால் வரைந்து, படம் எடுத்து, கொஞ்சம் அழித்து, திரும்ப எடுங்கள். சுறா தானாக நீந்தும். மத்திய அவுஸ்திரேலியாவில் பெண்கள் கதை சொல்லும்போது இப்படித்தான் மணலில் கோடு போட்டுப் போட்டுச் சொல்வார்கள், முடிந்ததும் கையால் தடவி அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். காற்று அடிக்காத வகுப்பாகப் பாருங்கள். யன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் சுறா பறந்துவிடும்.

குரலை முதலில் பதிந்து, படத்தை அதற்குப் பின்னால் அளவெடுத்துச் செய்யுங்கள். பதிவை ஒரு போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் 2004 கடலும் 2006 இடப்பெயர்வும் எத்தனை வீட்டு அல்பங்களைக் கொண்டுபோனதென்று நான் சொல்லத் தேவையில்லை. பிரதி ஒன்று பள்ளியில், ஒன்று அம்மம்மா வீட்டில், ஒன்று ஊருக்கு வெளியே. பிற்ஜன்ஜாரா மக்கள் 1994 இல் தொடங்கிய 'அற இறிற்றிஜா' என்ற மின் காப்பகத்தில், ஆண்கள் மட்டும் பார்ப்பது, பெண்கள் மட்டும் பார்ப்பது, துக்க வீட்டுக்காக மூடிவைப்பது என்று பிரிவுகள் உண்டு. உங்களுக்கு ஒரு அலுமாரித் தட்டும் ஒரு பூட்டும் போதும். திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று அம்மம்மா சொல்லட்டும்.

கேள்வி: மாஸ்ரர், அந்தச் சுவர்ப் படத்தைப் பிறகு எங்காவது வரைந்தீர்களா?
— நான் பதில்களைத் தட்டெழுதக் கொடுத்த பிள்ளை, தாளின் ஓரத்தில்

பதில்: இல்லை மோளே. போன வருசம் அந்த ஊருக்குப் போனேன். ஐயா போய்ச் சேர்ந்து கன வருசம். மகன் இருக்கிறார், இறால் பிடிக்கிறவர். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்பா அதை வீட்டில சொன்னவர். வில்லை இடக்கையில பிடிச்சிருந்ததாம், பிழையாம்" என்றார். பிழையாக வரைந்ததால் பாதகமில்லை என்று அப்பா சொன்னாராம். சடங்கு முடிந்த பிறகு ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார், தேத்தண்ணி குடிக்க.